சுவருக்குள் விடப்பட்ட பெண்கள்: நாம் எழுத வேண்டிய ஒரு புதினம்

நம் நாட்டில் இரண்டு ஊர்களின் பெயரைச் சொன்னாலே பலருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒன்று, பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தான். மற்றொன்று, நம் ஜொகூரின் தம்போய். வகுப்பில் ஒருவர் தமக்குத்தாமே பேசிக்கொண்டால், "தம்போயில் கட்டில் போட்டாச்சா?" என்று நண்பர்கள் கேட்பார்கள். சொல்பேச்சுக் கேட்காத பிள்ளையைத் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டும் அம்மாக்களும் உண்டு. ஸ்கூடாயில் படித்த நான்கு ஆண்டுகளில் இந்தக் கேலி காதில் விழாத வாரமே இல்லை எனலாம்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நம் பெண்களின் வரலாறு ஒன்று மறைந்திருக்கிறது. அது எழுதப்பட வேண்டும், அதிலும் வரலாற்றுப் புதினமாக எழுதப்பட வேண்டும் என்பதே என் கருத்து. அதை எப்படி எழுதினால் தவறாகிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

மேலை நாட்டார் எழுதிய கதைகள்

தவறாகப் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்பட்ட பெண்ணின் கதைக்கு ஆங்கிலத்தில் நீண்ட மரபு உண்டு. வில்கி காலின்சின் 'தி வுமன் இன் வைட்' (1860) நாவலில் சொத்துக்காக ஒரு பெண் வேறொருத்தியின் பெயரில் விடுதிக்குள் தள்ளப்படுகிறாள். சார்லட் பிரான்டியின் 'ஜேன் ஐர்' (1847) நாவலில் கணவனால் மாடியறையில் பூட்டப்பட்ட பெர்த்தா, வெறும் சிரிப்பாகவும் அலறலாகவும் மட்டுமே வந்து போகிறாள். கரிபியன் தீவொன்றில் பிறந்த ஜீன் ரீஸ் என்ற பெண் எழுத்தாளருக்கு இது பொறுக்கவில்லை. 1966இல் 'வைட் சர்காசோ சீ' என்ற நாவலை எழுதி, அதே பெண்ணுக்கு ஓர் ஊரையும் குழந்தைப் பருவத்தையும் பேசும் வாயையும் கொடுத்தார்.

அண்மைக் காலத்திலும் இம்மரபு தொடர்கிறது. மேகி ஓ'ஃபாரல் 2006இல் வெளியிட்ட நாவலில், பதினாறு வயதில் அடைக்கப்பட்ட எஸ்மி என்ற பெண் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளேயே இருக்கிறாள். மருத்துவமனை மூடப்படும்போதுதான் அப்படியோர் உறவினர் இருப்பதே பேத்தி முறையுள்ள பெண்ணுக்குத் தெரிய வருகிறது. விக்டோரியா மாஸ் 2019இல் பிரெஞ்சில் எழுதிய நாவல், பாரிசின் புகழ்பெற்ற சல்பெட்ரியேர் மருத்துவமனைப் பெண்களைப் பற்றியது.

இவை வெறும் கற்பனைகளும் அல்ல. அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தில் 1851ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிறருக்குத் தேவைப்பட்ட சான்று இல்லாமலேயே கணவன் தன் மனைவியை விடுதியில் சேர்க்க முடிந்தது. 1860இல் எலிசபெத் பேக்கார்ட் என்ற ஆறு பிள்ளைகளின் தாயை அவருடைய கணவர் அப்படித்தான் சேர்த்தார். கணவர் ஒரு பாதிரியார். மனைவி சமயக் கருத்தில் அவரோடு உடன்படவில்லை. அதுதான் நோய்! மூன்று ஆண்டுகள் உள்ளே இருந்தார். 1864இல் வழக்கு மன்றத்துக்கு வந்தபோது அவர் தெளிந்த மனத்தினர் என்று முடிவு செய்ய நடுவர் குழுவுக்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டன.

இங்கிலாந்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி நமக்கு இன்னும் நெருக்கமானது. நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான எட்வர்ட் புல்வர் லிட்டன் 1858இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சரானார். அதே மாதத்தில், பிரிந்து வாழ்ந்த அவருடைய மனைவி ரோசினா தேர்தல் மேடையருகே வந்து அவரைப் பலரறியக் குற்றஞ்சாட்டினார். சில நாட்களில் ரோசினா பைத்தியம் என்று சான்றளிக்கப்பட்டு அடைக்கப்பட்டார். செய்தித்தாள்கள் கொதித்தன, ஏறக்குறைய மூன்று வாரங்களில் விடுதலையானார். இவர்களுடைய மகன்தான் பின்னாளில் இந்தியாவின் வைஸ்ராயாக வந்த லிட்டன் பிரபு. தமிழகத்தைச் சூறையாடிய 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் அவருடைய ஆட்சிக் காலத்தில்தான் நிகழ்ந்தது. அப்படிப்பட்ட பஞ்சங்கள்தாம் நம் முன்னோர் பலரைக் கப்பலேற்றின.

பேனா இருந்தவர்களும் இல்லாதவர்களும்

ரோசினா எப்படி வெளியே வந்தார்? பேக்கார்டை ஏன் நமக்குத் தெரிகிறது? இருவருக்கும் எழுதத் தெரியும். ஆள்வோரின் மொழியே அவர்களின் தாய்மொழி. இருவருமே தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள், அது பின்னர் நூலாக வெளிவந்தது.

1887இல் நெல்லி பிளை என்ற இளம் செய்தியாளர் பைத்தியம்போல் நடித்து, நியூயார்க்கின் பிளாக்வெல் தீவு விடுதிக்குள் பத்து நாட்கள் தங்கி வந்து எழுதினார். அவர் எழுதியதில் என்னை மிகவும் பாதித்தது, அங்கே கண்ட ஜெர்மானியப் பெண் ஒருவரைப் பற்றிய செய்தி. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாது. தாம் ஏன் அங்கே கொண்டுவரப்பட்டோம் என்பதும் தெரியாது. மருத்துவருக்கு அவர் பேச்சைப் புரிந்துகொள்ள வழியும் இல்லை, அக்கறையும் இல்லை. சொல்ல வாய் இருந்தும் மொழி இல்லாததால் ஒருத்தி சித்தம் கலங்கியவள் ஆனாள்.

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டிதழில் இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு இதுவே காரணம். மனநோயைக் கண்டறிய இரத்தச் சோதனையோ எக்ஸ்ரேயோ போதாது. நோயாளியின் பேச்சே பெரிய சான்று. அந்தப் பேச்சு புரியாத இடத்தில், தாலாட்டும் பிதற்றல்தான், ஒப்பாரியும் பிதற்றல்தான்.

தோட்டத்திலிருந்து தம்போய்க்கு

இனி மலாயாவுக்கு வருவோம். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911இல் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா மருத்துவமனை. தம்போயில் உள்ளது 1937இல் திறக்கப்பட்டது. இன்று அது பெர்மாய் மருத்துவமனை. 'பஹாகியா' என்றால் மகிழ்ச்சி, 'பெர்மாய்' என்றால் அழகு.

அக்காலத் தோட்டத்தில் ஒரு பெண்ணின் வாழ்வை எண்ணிப் பாருங்கள். 1930களில்கூட இங்கே இரண்டு இந்திய ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவே இருந்தது. அவளுக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால். விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் வெட்டு, பால் தூக்கு, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடு என்று ஓடும் நாள். மலேரியாக் காய்ச்சல், இரத்தச் சோகை, அடுத்தடுத்த பிரசவங்கள். கணவனும் கங்காணியும் கைநீட்டினாலும் கேட்பாரில்லை. அவள் ஒருநாள் பெரட்டுக்கு வராமல் மரத்தடியில் உட்கார்ந்து சிரித்தாலோ அழுதாலோ, முதலில் பூசாரி வருவார். பிறகு தோட்டத்து டிரஸர் வருவார். அதன்பின் லாரி வரும்.

மருத்துவர் முன்னால் அவள் கதையை யார் சொல்லியிருப்பார்? அவளைக் கூட்டி வந்தவர்தான் சொல்லியிருப்பார். அவள் யாரால் துன்பப்பட்டாளோ, அவரே மொழிபெயர்ப்பாளராகவும் நின்றிருக்கக்கூடும். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடக் கனமான காட்சி வேறு வேண்டுமா?

தம்போய் வளாகத்தின் வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. 1941 நவம்பரில் ஆஸ்திரேலிய இராணுவத்தின் 2/13ஆம் பொது மருத்துவமனை அங்கே வந்து தங்கியது. ஜப்பானியர் நெருங்கியதும் 1942 ஜனவரி இறுதியில் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியது. அதில் பணியாற்றிய தாதியருள் ஒருவர் விவியன் புல்விங்கல். 1942 பிப்ரவரி 16ஆம் நாள் பங்கா தீவுக் கடற்கரையில் ஜப்பானியர் 22 ஆஸ்திரேலியத் தாதியரைக் கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து சுட்டார்கள். அவருள் உயிர் தப்பியவர் இவர் ஒருவரே. அவருக்குச் சிலை உண்டு, வாழ்க்கை வரலாற்று நூல்கள் உண்டு. அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவர். நான் கேட்பது ஒன்றுதான். சுமார் இரண்டு மாதம் அந்த வளாகத்தில் இருந்த தாதியரைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறது. அத்தகைய வளாகங்களில் இருபது, முப்பது ஆண்டு கிடந்த நம் பெண்களுள் ஒருத்தியின் பெயராவது நமக்குத் தெரியுமா?

நம் எழுத்தாளர்கள் வரலாற்றை எழுதாமல் இல்லை. சயாம் மரண இரயில்பாதையை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக்கினார்கள். ஜான்சிராணிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். போரில் இறந்தவனை நினைப்பதில் குடும்பத்துக்கு மானக்கேடு எதுவும் இல்லை. மனநல மருத்துவமனைக்குப் போனவளை நினைப்பதில்தான் இருக்கிறது. ஆகவே நம் புனைவின் வெளிச்சமும் அவள்மேல் போதிய அளவு விழவில்லை.

எங்கள் குடும்பத்தின் ஏழாவது பெயர்

இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. என் பாட்டி சிகாமட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர். உடன்பிறந்தோர் ஆறு பேர் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பாட்டி முதுமையில் விரல்விட்டு எண்ணும்போதெல்லாம் ஏழு வரும். கேட்டால், "ஒருத்தி ஊருக்குப் போயிட்டா" என்பார்.

அந்தச் சின்னப்பாட்டி ஊருக்குப் போகவில்லை. 1950களின் பிற்பகுதியில் இரண்டாவது பிரசவம் முடிந்து பத்து நாட்களுக்குள் அவருக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளையைத் தன் பிள்ளை இல்லை என்றார். தலைவிரி கோலமாக லயத்தைச் சுற்றி நடந்தார். மந்திரித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். அண்ணன்மார் இரண்டு முறை போய்ப் பார்த்தார்கள். ஆண்டு திரும்புவதற்குள் கணவர் மறுமணம் செய்துகொண்டார்.

பிறகு ஒருநாள் அங்கிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. தோட்டத்துக் கிராணி படித்துச் சொன்னாராம். "உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் குணமாகிவிட்டது, வந்து அழைத்துச் செல்லுங்கள்" என்பது செய்தி. அப்போது கடைசித் தங்கைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காள் இப்படி என்று தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும். "கல்யாணம் முடியட்டும், போய்க் கூட்டி வரலாம்" என்றார்கள். கல்யாணம் முடிந்தது. அடுத்து ஒரு பிரசவம் வந்தது. அடுத்துத் தோட்டமே துண்டாடப்பட்டு விற்கப்பட்டது, குடும்பம் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறியது. அந்தக் கடிதத்துக்கு யாரும் பதில் எழுதவில்லை. பாட்டி இதைச் சொல்லும்போது அழவில்லை. "பேரையாவது ஒரு நோட்டுல எழுதி வை" என்றார். எழுதி வைத்திருக்கிறேன்.

நாவல் விழக்கூடிய பள்ளம்

இப்போது நான் முன்பு குறிப்பிட்ட தவற்றுக்கு வருகிறேன். இத்தகைய புதினங்களில் ஒரு வாய்பாடு உண்டு. நாயகி அழகானவள், அறிவானவள், முற்றிலும் தெளிந்தவள். கணவன் கொடியவன், மருத்துவர் அவனுக்கு உடந்தை. இறுதியில் "அவள் பைத்தியமே இல்லை" என்று உண்மை வெளிப்படும். நமக்கும் நிம்மதியாக இருக்கும்.

அந்த நிம்மதியில்தான் ஆபத்து. அவள் பைத்தியம் இல்லாததால்தான் அடைத்தது தவறு என்றால், உண்மையிலேயே நோய் உள்ளவளை அடைத்து மறந்துவிடுவது சரியென்று ஆகிவிடாதா?

என் சின்னப்பாட்டிக்கு நோய் இருந்தது என்றே நம்புகிறேன். பிரசவத்துக்குப் பிந்தைய கடும் மனக்கலக்கம் ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் நேர்கிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தொடங்குகிறது. தக்க சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போனது சரியே. திரும்பக் கூட்டி வராததுதான் அநீதி. போகும்போது நோயாளியாகப் போனவர், கடிதம் வந்த நாளிலிருந்து குற்றமற்ற கைதியானார். அந்தக் கைதுக்கு நீதிபதியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஒரு கல்யாணப் பேச்சு இருந்தது, அவ்வளவுதான்.

இது ஏழைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் மட்டும் நேர்ந்ததன்று. பிரெஞ்சுச் சிற்பி கமீல் கிளோதெல் 1913இல் அடைக்கப்பட்டார். வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்களே பின்னர் கூறியும் அவருடைய தாய் மறுத்துவிட்டார். தம்பி பால் கிளோதெல் புகழ்பெற்ற கவிஞர், தூதர். அப்படியிருந்தும் கமீல் 1943இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் வெளியே வரவில்லை.

ஆகவே நம் நாவலின் வில்லன் சவுக்கு ஏந்திய காவலாளியாக இருக்க வேண்டியதில்லை. அவர் நம் தாத்தாவாக இருக்கலாம், பாசமுள்ள அண்ணனாக இருக்கலாம், மகளுக்கு நல்ல இடம் தேடிய தாயாக இருக்கலாம். அவர்களை அரக்கர்களாகக் காட்டாமல், அவர்கள் செய்ததை மூடியும் மறைக்காமல் எழுதுவதற்குத்தான் இலக்கியம் தேவைப்படுகிறது. மருத்துவ அறிக்கை படுக்கைகளை எண்ணும், நோயாளிகளை இனவாரியாகப் பிரிக்கும். பதில் எழுதப்படாத கடிதத்தைப் பற்றி அது சொல்லாது.

இரண்டு மறுப்புகள்

"பழைய அழுக்கை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். கிளறாததால் அது மறைந்துவிடவில்லையே! இன்றும் பெண் பார்க்கும் வீட்டில் "குடும்பத்தில் அந்த மாதிரி யாராவது உண்டா?" என்று காதோடு காதாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே இன்றும் பல பிள்ளைகள் மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்கள். பல்கலைக்கழக விடுதிகளில் அப்படிப்பட்டவர்களை நானே கண்டிருக்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் நியாயமானது. இப்படி எழுதினால் மனநல மருத்துவமனை என்றாலே சிறை என்ற அச்சம் பெருகாதா? பெருகக்கூடும். அச்சத்தால் மருத்துவத்தைத் தவிர்ப்பதன் விளைவையும் நாம் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி மாண்டார்கள். அவர்களைச் சங்கிலியில் விட்டுச் சென்றவர்களும் குடும்பத்தாரே. ஆகவே நாவலாசிரியர் அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் குழப்பக் கூடாது. 1950களில் புதிய மருந்துகள் வந்தபின் சிகிச்சையே மாறிவிட்டது. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்தது. உறவினர் விண்ணப்பம் செய்து ஒருவரைச் சேர்க்க இன்றும் இடமுண்டு. ஆனால் மருத்துவர் நேரில் பரிசோதித்துப் பரிந்துரைக்க வேண்டும். அப்பரிசோதனை ஐந்து நாட்களுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். மருத்துவமனையைப் பார்வையிடக் குழுவும் உண்டு. இன்று ஒருவரை உள்ளே தள்ளிவிடுவது அன்றுபோல் எளிதன்று. ஆனால் திரும்ப அழைத்து வரும்படி எந்தச் சட்டமும் மனத்தை மாற்றிவிட முடியாது.

மனம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம் பெண்கள், தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக 'பான்யன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கே வந்து சேரும் பெண்கள் பல மொழியினர். சிகிச்சையோடு, அவர்கள் பேச்சைக் கேட்டு ஊரைக் கண்டறிந்து வீடு சேர்ப்பதும் அவ்வமைப்பின் பணி. ஒரு பெண்ணின் பேச்சை அக்கறையோடு கேட்டால் அதிலிருந்து அவள் வீட்டுக்கு வழி கிடைக்கிறது என்பதை அவர்கள் காட்டினார்கள். தொடங்கியபோது அவர்கள் வயது, ஏறக்குறைய இன்று இதைப் படிக்கும் உங்கள் வயதுதான்.

நாம் செய்யக்கூடியது

தமிழ் மொழிக் கழக நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் எளிமையானது. இந்தப் பள்ளி விடுமுறையில், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது, வீட்டில் உள்ள மூத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் குடும்பத்தில் பேசப்படாதவர் யாராவது உண்டா?" முதல் தடவை பதில் வராது. "ஊருக்குப் போயிட்டா", "காய்ச்சல்ல போயிட்டா" என்பார்கள். பொறுமையாக இன்னொரு நாள் கேளுங்கள். அவர்களோடு இந்தக் கதைகளும் போய்க்கொண்டே இருக்கின்றன.

எழுத வருபவர்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள காலனித்துவக் கால மருத்துவ அறிக்கைகளைப் படியுங்கள். தோட்ட வாழ்வின் சொற்களைச் சேகரியுங்கள். நோயாளிகளின் உண்மைப் பெயர்களைத் தேடி அச்சேற்ற வேண்டாம். அது இன்னொரு அநீதியாகிவிடும். பெயரை நீங்கள் படையுங்கள், வாழ்க்கை மட்டும் உண்மையாக இருக்கட்டும். பேச்சை அவளுடைய தமிழிலேயே எழுதுங்கள். தோட்டத்துத் தமிழ், மலாய் கலந்த தமிழ், பாதியில் நின்றுபோகும் தமிழ், எதுவாயினும் திருத்தாமல் எழுதுங்கள். அன்று மருத்துவமனையில் அதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லை. இன்று அந்தத் தமிழைப் புரிந்துகொள்ளக்கூடிய பட்டதாரிகள் நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறோம்.

அடுத்த முறை நண்பர் ஒருவர் தம்போயைச் சொல்லிச் சிரிக்கும்போது அவரைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை. அவருடைய குடும்பத்தில் உடன்பிறந்தோரின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பதிலில் ஒரு கதை கிடைத்தால் அடுத்த ஆண்டிதழுக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.